அட்டைய திருப்பிப் பாருங்க: சுயவெளியீடு, சின்ன பதிப்பகப் புத்தகங்கள் பத்தி ஒரு வாசக ரிவ்யூ

முன்னட்டைக்கு 2 ஸ்டார், முதுகுக்கு (அலமாரில வெச்சா வெளில தெரியற பட்டை) 4, பின்னட்டைக்கு 5. அழகுக்குப் போட்ட மார்க்னு நெனச்சுக்காதீங்க. உள்ள இருக்கற எழுத்து எந்த லட்சணத்துல இருக்கும்னு இந்த மூணுல எது எவ்வளவு நம்பகமா காட்டிக் குடுக்குதுங்கறதுக்கான மார்க் இது. எழுத்தாளரே சொந்தக் காசு போட்டு வெளியிடற புத்தகங்களும், ரெண்டு மூணு பேர் சேந்து நடத்துற சின்ன பதிப்பகங்களோட புத்தகங்களும்தான் நான் அதிகமா வாங்கறது. அதுல நெறைய பிரிண்ட் ஆன் டிமாண்ட் (சுருக்கமா பிஓடி), அதாவது நாம ஆர்டர் போட்டப்புறம்தான் மெஷின்ல அந்த ஒரு காப்பி அச்சாகி வரும். இந்த மாதிரி புத்தகங்களுக்கு பத்திரிகைல மதிப்புரை வராது, ஆன்லைன்ல இருக்கற 5 ஸ்டார் எல்லாம் முக்காவாசி தெரிஞ்சவங்க போட்டதா இருக்கும், அதனால வாங்கறதுக்கு முன்னாடி நம்ம கைல இருக்கற ஒரே துப்பு அட்டைதான்.

அட்டை அழகா இருந்தா எழுத்தும் நல்லா இருக்கும்னு நான் சொல்ல வரல. ஆனா ஒரு விஷயத்த அட்டையால மறைக்க முடியாது: எழுதினவரத் தவிர வேற யாராவது, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, இத உக்காந்து பாத்தாங்களா இல்லையா. எடிட்டிங் நடந்திருக்கா, ப்ரூஃப் பாத்திருக்காங்களாங்கறது எல்லாம் அந்தக் கேள்விலதான் வந்து நிக்குது.

முன்னட்டைக்கு ஏன் இவ்வளவு கம்மி மார்க்னா, அத காசு குடுத்து வாங்கிடலாம். ப்ரீமேட் கவர்னு டிசைனர்கள் ரெடியா செஞ்சு வெச்சிருப்பாங்க, தலைப்பையும் பேரையும் மாத்திக் குடுத்தா வேலை முடிஞ்சது. காதல் கதை, ஃபேன்டசி, த்ரில்லர் எல்லாத்துலயும் சுயவெளியீட்டுக்காரங்களோட முன்னட்டை சில சமயம் பெரிய பதிப்பகங்களவிட பளிச்னு இருக்கும், ஏன்னா அந்த வாசகர் கட்டைவிரல் நகம் சைஸ் படத்த பாத்துதான் க்ளிக் பண்றாருன்னு அவங்களுக்குத் தெரியும், தலைப்ப பெருசா போடணும், முகமோ வாளோ நடுவுல வரணும், கலர் ரெண்டு மூணுக்கு மேல வேணாம்னு நல்லா கத்து வெச்சிருக்காங்க. அது வியாபார மூளைக்கு அத்தாட்சி, உள்ள வசனம் எப்படி இருக்கும்னு அதுல ஒண்ணும் தெரியாது.

அப்புறம் ஸ்டாக் போட்டோ. மூடுபனில முதுகக் காட்டிட்டு நடந்து போற அந்தக் கோட்டு போட்ட ஆள எல்லாரும் பாத்திருப்பீங்க, பாவம் எத்தனை கொலைக்கு துப்பு துலக்கினாரோ தெரியல. லைசன்ஸ் வாங்கினவங்க யார் வேணா போட்டுக்கலாம்ங்கறதால ஒரே படம் நாலு புத்தகத்துல வர்றது சகஜம், பெரிய பதிப்பகங்களும் இதத்தான் பண்றாங்க, அதனால இத மட்டும் வெச்சு ஒரு புத்தகத்த ஒதுக்கக்கூடாது. ஃபாண்ட் விஷயமும் அப்படித்தான். டிராஜன்னு ஒண்ணு, கேரல் டுவாம்ப்ளி 1989-ல அடோபிக்காக வரைஞ்சது, ரோம்ல இருக்கற டிராஜன் தூண்ல செதுக்கின எழுத்துதான் அதுக்கு மூலம், அழகான ஃபாண்ட், ஆனா சினிமா போஸ்டர்காரங்க அத தேய்ச்சு எடுத்த பிறகு இப்ப அட்டைல பாத்தா கொட்டாவிதான் வருது. பாப்பிரஸ், காமிக் சான்ஸ் பத்தி எல்லாம் ஏற்கனவே உலகமே திட்டி முடிச்சாச்சு, நான் புதுசா ஒண்ணும் சேக்க வேண்டாம்.

சரி, முன்னட்டைல உண்மையிலயே ஏதாவது தெரியுமான்னா, ஒரு சில தொழில்நுட்பக் கோளாறுகள்ல தெரியும். எனக்குப் பிடிச்சது சப்பை மூஞ்சி. அமேசானோட சுயவெளியீட்டு சேவையான கேடிபி இபுக் அட்டைக்கு சொல்ற அளவு 2560 பிக்சல் உயரம், 1600 அகலம், அதாவது அகலத்தப் போல 1.6 மடங்கு உயரம். அச்சுப் புத்தகத்துல ரொம்ப ஓடற சைஸ் 6க்கு 9 இன்ச், அது 1.5 மடங்கு. இபுக்குக்கு செஞ்ச படத்த அப்படியே புடிச்சு அமுக்கி அச்சுக்கு ஏத்தினா கதாநாயகி மூஞ்சி கொஞ்சம் அகலமாயிடும், ரொம்ப இல்ல, ஏதோ சரியில்லையேன்னு தோணற அளவுக்கு. இத எழுத்தாளர் கவனிச்சிருக்க மாட்டார், ஏன்னா அவர் மாசக்கணக்கா அதே படத்த பாத்துட்டு இருக்கார், வேற ஒருத்தர்கிட்ட காட்டியிருந்தா முதல் நிமிஷத்துலயே சொல்லியிருப்பாங்க.

ரெண்டாவது, மங்கல். 6க்கு 9 முன்னட்டைக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி, வேணும்னா குறைஞ்சது 1800க்கு 2700 பிக்சல் படம் இருக்கணும், நெட்ல இருந்து எடுத்த சின்னப் படத்த இழுத்துப் போட்டா ஓரமெல்லாம் கட்டம் கட்டமா தெரியும். ஸ்கிரீன்ல ஆர்ஜிபி கலர்ல ஜொலிக்கற நீலமும் ஊதாவும் சிஎம்ஒய்கே மையில அழுது வடியும், இருட்டான அட்டைன்னா இன்னும் மோசம், பின்னணில ஒரு கோட்டை இருந்துச்சாம், வெறும் கறுப்புதான் தெரியுது. மூணாவது, அட்டைய சுத்தி மெல்லிசா ஒரு பார்டர் கோடு. வெட்டற மெஷின் ஒவ்வொரு காப்பிலயும் கொஞ்சம் முன்ன பின்ன போகும், அதுக்காகத்தான் நாலு பக்கமும் 0.125 இன்ச், கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர், ப்ளீட், அதாவது வெட்டிப் போடறதுக்குன்னே படத்த கூடுதலா நீட்டி, விடச் சொல்றாங்க. ஓரத்த ஒட்டி பார்டர் போட்டா ஒரு பக்கம் தடிமனாவும் ஒரு பக்கம் காணாமலும் வரும்னு அச்சுத் தொழில்ல ஒரு வருஷம் இருந்தவங்களுக்குக்கூட தெரியும், அதனால பிஓடி புத்தகத்துல பார்டர் பாத்தாலே இது யாரையும் கேக்காம செஞ்ச வேலைன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்துடும்.

தமிழ்த் தலைப்புன்னா இன்னொரு பிரச்சினையும் உண்டு. டிசைன் சாஃப்ட்வேர்ல இந்திய எழுத்துகளுக்கான கம்போசர் செட்டிங்க போடலைன்னா கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நிக்கும், கால் தனியா கழண்டு விழும், சில சமயம் புள்ளி வெச்ச வட்டம் ஒண்ணு நடுவுல வந்து உக்காந்துக்கும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனர் அத எப்படி கவனிப்பார், அவர தப்பு சொல்ல முடியாது. ஆனா தலைப்பே உடைஞ்சு கெடக்கற அட்டை அச்சாகி வந்திருக்குன்னா தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்கூட ஃபைனல் ஃபைல திறந்து பாக்கலன்னுதானே அர்த்தம். இத மட்டும் நான் மன்னிக்கறதே இல்ல.

ஏஐ படம் பத்தி கேப்பீங்க. கைல ஆறு விரல் இருக்கான்னு எண்ணிப் பாக்கற காலம் போயிடுச்சு, இப்ப அதெல்லாம் சரியாவே வருது. பின்னணில இருக்கற கடைப் பலகை, கடிதம், செய்தித்தாள் இதுல இருக்கற எழுத்த படிச்சுப் பாருங்க, எந்த மொழியும் இல்லாம நெளிஞ்சு கெடக்கும். இல்லைன்னா கதைல 50 வயசு விதவைன்னு வர்ற அம்மா அட்டைல 22 வயசு மாடலா பளபளன்னு நிப்பாங்க. கேடிபி 2023 செப்டம்பர்ல இருந்து ஏஐ உருவாக்கின படமோ எழுத்தோ இருந்தா வெளியிடறவங்க அவங்ககிட்ட சொல்லணும்னு வெச்சிருக்காங்க, ஆனா அது அவங்களுக்கும் அமேசானுக்கும் நடுவுல, வாங்கற நமக்கு காட்டற விஷயமா அத வைக்கல. எனக்கு ஏஐ படம்ங்கறதவிட அது கதையோட ஒட்டுதாங்கறதுதான் முக்கியம், முதல்ல வந்த படத்தையே போதும்னு எடுத்துக்கிட்டவர் முதல் டிராஃப்ட்டையும் போதும்னு விட்டிருப்பார்ங்கற பயம் வருது, பல தடவை அது சரியாவும் இருந்திருக்கு.

முதுகுக்கு வரேன், ஸ்பைன். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கற இந்த ஒல்லி பட்டைதான் நெறைய பேர மாட்டி விடுது. ஏன்னா இதுக்கு கணக்கு போடணும். கேடிபி கணக்குப்படி கறுப்பு வெள்ளை அச்சுக்கு வெள்ளைத் தாள்னா ஒரு பக்கத்துக்கு 0.002252 இன்ச், க்ரீம் தாள்னா 0.0025 இன்ச். 300 பக்கப் புத்தகம் வெள்ளைல 0.68 இன்ச் முதுகு, க்ரீம்ல 0.75. கடைசி நேரத்துல தாள மாத்தினாலோ, ஃபாண்ட் சைஸ் ஏத்தி 40 பக்கம் கூடினாலோ பழைய அட்டை செல்லாது, புதுசா அளந்து செய்யணும். அத சரியா செய்யலைன்னா முதுகோட கலர் பட்டை மடிப்பத் தாண்டி முன்னட்டைக்கு வழியும், இல்ல தலைப்பு ஒரு ஓரமா சாஞ்சு நிக்கும். 79 பக்கத்துக்குக் கீழ இருந்தா முதுகுல எழுத்தே போட விடமாட்டாங்க, அதனால ஒல்லி கவிதைத் தொகுப்பு மொட்டை முதுகோட வந்தா அது எழுத்தாளர் தப்பு கிடையாது, ஆனா 250 பக்க நாவல் மொட்டையா வந்தா என்ன சொல்றது, அலமாரில வெச்சா அது எந்தப் புத்தகம்னே தெரியாது.

இங்க ஒரு நியாயம் சொல்லியே ஆகணும். ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் நகர்றது மெஷினோட குணம், அதே புத்தகத்தோட அடுத்த காப்பி நேரா வரும், அதுக்குப் போய் ஒரு ஸ்டார் குடுக்கறவங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது. நான் சொல்றது டிசைன்லயே தப்பா இருக்கறது, எழுத்து முதுகு முழுசையும் அடைச்சுக்கிட்டு மேல கீழ இடமே விடாம, இல்ல பேரும் தலைப்பும் ஒண்ணுக்கொண்ணு எதிர்த் திசைல. விக்கறதுக்கு முன்னாடி சரிபாக்க ஒரு ப்ரூஃப் காப்பி வரவழைச்சு கைல வெச்சுப் பாத்திருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். ப்ரூஃப் காப்பியே வரவழைக்காதவர் உள்ள 300 பக்கத்தையும் தாள்ல படிச்சு திருத்தியிருப்பார்னு நம்பறதுக்கு எனக்கு மனசு வரல, அதனாலதான் முதுகுக்கு 4 ஸ்டார்.

இப்ப பின்னட்டை. காசு குடுத்து வாங்கின டிசைன் பெரும்பாலும் முன்னட்டையோட நின்னுடும், பின்னாடி எழுத்தாளர் கைவண்ணம்தான். அவரோட நடை, அவரோட நிறுத்தற்குறி, தன் கதைல எது முக்கியம்னு அவர் நெனைக்கறாரோ அது, எல்லாம் 150 வார்த்தைல காசில்லாம நம்ம கைக்கு வருது. அந்த 150 வார்த்தைல சந்திப்பிழையும் எழுத்துப்பிழையும் மூணு இருந்தா உள்ள எவ்வளவு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க, ஏன்னா புத்தகத்துலயே அதிகமா திரும்பத் திரும்ப படிச்சுப் பாத்திருக்க வேண்டிய பகுதி அதுதான். ஆச்சரியக்குறி வரிசையா நிக்கறது, "உங்கள் வாழ்க்கையையே மாற்றப்போகும்" வகையறா, கேள்வி மேல கேள்வியா ஏழு கேள்வி கேட்டு முடிக்கறது, முழுக் கதையையும் ஆரம்பத்துல இருந்து சொல்லி கடைசில யார் கொலைகாரன்னு மட்டும் விட்டு வெக்கறது, இதெல்லாம் எனக்கு உடனே கீழ வெக்க வைக்கற விஷயங்கள். எது வேணும் எது வேணாம்னு பிரிக்கத் தெரியாத பின்னட்டைக்காரர் அத்தியாயத்துலயும் பிரிக்க மாட்டார்.

பாராட்டு வரிகள பாருங்க. பேர் இருக்கா, இல்ல "ஒரு வாசகர்"னு போட்டிருக்கா. விருது பேட்ஜ் தங்கக் கலர்ல இருந்தா அது நெசமாவே யாரோ தேர்வு பண்ணிக் குடுக்கற விருதா, இல்ல நுழைவுக் கட்டணம் கட்டினவங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு பிரிவுல கிடைக்கறதான்னு ஒரு நிமிஷம் தேடுங்க. எழுத்தாளர் போட்டோ குரூப் போட்டோல இருந்து வெட்டினது, பக்கத்துல யாரோட தோளோ தெரியுதுன்னா எனக்கு கோவம் வராது, சிரிப்புதான் வரும், அது எளிமையான மனுஷன்னு ஒரு பாசம்கூட வரும், ஆனா அந்தத் தோள யாரும் பாக்கலையேங்கற கேள்வி கூடவே வருது.

அப்புறம் பார்கோடு இருக்கற கீழ் வலது மூலை. அட்டை ஃபைல்ல நாம பார்கோடு வெக்கலைன்னா கேடிபியே அங்க ஒரு வெள்ளைப் பெட்டிய ஒட்டிடும், 2 இன்ச் அகலம் 1.2 இன்ச் உயரம். அந்த இடத்த காலியா விடணும்னு தெரியாதவங்க பின்னட்டைக் குறிப்ப கீழ வரைக்கும் ஓட்டியிருப்பாங்க, கடைசி ரெண்டு வரி பெட்டிக்கு அடில போயிருக்கும். பாதி வாக்கியத்தோட முடியற பின்னட்டைய பாத்திருக்கீங்களா, நான் பாத்திருக்கேன், முதல்ல ஏதோ சஸ்பென்ஸ் உத்தின்னு நெனச்சேன். பார்கோடு மேல இருக்கற ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட அடையாள எண்ணயும் பாருங்க. 2007 ஜனவரில இருந்து அது 13 இலக்கம், 978லயோ 979லயோ தொடங்கும். 979-8 அமெரிக்காவுக்கான வரிசை, கேடிபி இலவசமா குடுக்கற எண் அதுல வரும், விற்பனைப் பக்கத்துல பதிப்பகம்ங்கற இடத்துல "இண்டிபெண்டன்ட்லி பப்ளிஷ்ட்"னு போட்டிருக்கும். அது ஒண்ணும் குத்தம் கிடையாது, சும்மா தெரிஞ்சுக்க ஒரு அடையாளம். அட்டைல ஒரு எண்ணும் உள்ள காப்பிரைட் பக்கத்துல வேற எண்ணும் இருந்தாத்தான் கவலைப்படணும்.

சின்ன பதிப்பகம்னா கணக்கு மாறுது. நல்ல சின்ன பதிப்பகத்துக்கு முன்னட்டைல பகட்டே தேவையில்ல. லண்டன்ல 2014-ல ஆரம்பிச்ச ஃபிட்ஸ்கரால்டோ எடிஷன்ஸ் எடுத்துக்கோங்க, புனைவுன்னா நீல அட்டை வெள்ளை எழுத்து, கட்டுரைன்னா வெள்ளை அட்டை நீல எழுத்து, படம் கிடையாது, அவ்வளவுதான். அவங்க வெளியிட்ட எழுத்தாளர்கள்ல பல பேருக்கு நோபல் கிடைச்சிருக்கு. பிரான்ஸ்ல காலிமார் 1911-ல தொடங்கின வெள்ளை வரிசை இன்னிக்கும் க்ரீம் அட்டைல கறுப்பும் சிவப்பும் கோடு போட்டு அதே மாதிரி வருது, அது இப்ப பெரிய நிறுவனம், ஆனா யோசனை அதேதான்: புத்தகத்த தேர்ந்தெடுத்த ஆளோட பேர நம்பி வாங்குங்கன்னு சொல்ற அட்டை. இந்த மாதிரி வரிசை டிசைன் இருக்கற இடத்துல காப்பிரைட் பக்கத்த திறந்தா அட்டை வடிவமைப்பு யார், மெய்ப்பு பாத்தது யார், எழுத்துரு என்னன்னு எல்லாம் போட்டிருப்பாங்க. நான் தேடறதும் அதத்தான், பேர் போட்டு வேலை செஞ்ச ஆளுங்க.

ஆனா இதே வேஷத்துல இன்னொரு கூட்டம் இருக்கு, எழுத்தாளர்கிட்ட பேக்கேஜ் பேக்கேஜா காசு வாங்கிட்டு எதக் குடுத்தாலும் அச்சடிக்கறவங்க, வெளில பதிப்பகம்னு சொல்லிக்குவாங்க. அவங்க புத்தகங்கள நாலஞ்ச பக்கத்துல பக்கத்துல வெச்சா தெரிஞ்சுடும். சுயமுன்னேற்றம், பேய்க்கதை, கவிதை எல்லாத்துக்கும் ஒரே டெம்ப்ளேட், ஒரே ஃபாண்ட், நிழல் போட்ட தலைப்பு, எழுத்தாளர் பேரவிட பதிப்பக லோகோ பெருசு, அட்டை யார் செஞ்சதுன்னு எங்கயும் இருக்காது. சுயவெளியீட்டுக்காரர் தெரியாம பண்ற தப்புல ஒரு ஆர்வம் தெரியும், இங்க அதுவும் இருக்காது. என் ரிவ்யூல ஒரு ஸ்டாரும் வாங்காத வகை இதுதான்.

கைல வந்தப்புறம் பாக்க வேண்டியது வேற. பிஓடி அட்டை பெரும்பாலும் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன், உள்பக்கம் வெறும் வெள்ளை. ஈரக்காத்து பட்டா தாள் உள்பக்கம் விரியும், பிளாஸ்டிக் ஒட்டின வெளிப்பக்கம் விரியாது, அதனால அட்டை வெளிப்புறமா சுருண்டு எழும்பும். நெறைய பேர் இத பாத்து மட்டமான புத்தகம்னு எழுதறாங்க, பெரிய பதிப்பக பேப்பர்பேக்கும் இதத்தான் செய்யும். மேட் ஃபினிஷ் தொட சுகமா இருக்கும், கறுப்பு அட்டைல மட்டும் விரல் ரேகை அப்படியே பதியும். தாளோட இழை முதுகுக்கு இணையா ஓடலைன்னா புத்தகம் விரைப்பா இருக்கும், விட்டா தானா மூடிக்கும், இது எழுத்தாளர் கைல இல்லாத விஷயம், அவருக்கு மார்க் குறைக்காதீங்க.

நல்ல அட்டை மோசமான புத்தகம் எவ்வளவு வேணா இருக்கு, அத விடுங்க. மோசமான அட்டை நல்ல புத்தகம்தான் எனக்கு சுவாரசியம். அது பெரும்பாலும் ஒரு துறைல முப்பது வருஷம் இருந்துட்டு தனக்குத் தெரிஞ்சத எழுதி வெச்சவங்களோடதா இருக்கும், பூச்சிகள் பத்தி, பாலம் கட்டறது பத்தி, ஒரு பழைய தொழிற்சாலை பத்தி. முன்னட்டைல வேர்ட்ஆர்ட் வானவில் எழுத்து, அதுக்குக் கீழ அவரே எடுத்த மங்கலான போட்டோ. ஆனா திருப்பினா பின்னட்டைல நாலே வரி, என்ன சொல்றேன் யாருக்கு சொல்றேன்னு தெளிவா, ஒரு பிழை இல்லாம. நான் மேல சொன்ன முன்னட்டைக் குத்தம் அத்தனையும் அதுல இருந்தாலும் நான் வாங்கிடுவேன், வாங்கி ஏமாந்ததா நினைவே இல்ல. அலங்காரத்துக்கு ஆள் வெக்கத் தெரியாதவர் வாக்கியத்துக்கு நேரம் செலவழிச்சிருக்கார், அது பின்னாடிதான் தெரியுது.

இதுல ஒரே குறை என்னன்னா, ஆன்லைன் விற்பனைப் பக்கம் பாதிக்கு மேல முன்னட்டை படத்த மட்டும் போட்டுட்டு விட்டுடுது, அதாவது என் 2 ஸ்டார் சமாச்சாரத்த மட்டும். பின்னட்டைக் குறிப்ப தனியா டைப் பண்ணிப் போடறாங்க, ஆனா அதுல பிழைய யாராவது திருத்தியிருக்கலாம், பார்கோடு பெட்டி எத முழுங்கிச்சுன்னும் தெரியாது. அதனால மாதிரிப் பக்கங்கள் இருந்தா முதல் அத்தியாயத்துக்கு ஓடாம முதல்ல காப்பிரைட் பக்கத்த படிங்க, அதுவும் இல்லைன்னா எழுத்தாளருக்கோ பதிப்பகத்துக்கோ பின்னட்டை போட்டோ ஒண்ணு அனுப்புங்கன்னு கேளுங்க. தனியா உக்காந்து புத்தகம் போட்ட எழுத்தாளர்கள் இதுக்கு சந்தோஷமா பதில் போடறாங்க, சில பேர் முதுகையும் சேத்து போட்டோ எடுத்து அனுப்பறாங்க. பேக்கேஜ் கூட்டம் மட்டும் விலைப்பட்டியல அனுப்பி, நீங்க எப்ப உங்க புத்தகத்த வெளியிடப் போறீங்கன்னு கேக்கும்.